யூக்ளிட் கிராம மன்றம் போட்ட கோடுகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையில், கிளீவ்லாந்து பெருநகரை ஒட்டிக் கிழக்கே இருக்கிறது யூக்ளிட். 1790களில் அந்த வட்டாரத்தை அளக்க வந்த நில அளவையர்கள், தங்கள் தொழிலுக்கு மூலவரான வடிவியல் அறிஞரின் பெயரையே ஊருக்குச் சூட்டிவிட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் அது பத்தாயிரம் பேரைத் தாண்டாத கிராமம். பரப்பு 12 முதல் 14 சதுர மைல்; பெரும்பாலும் விளைநிலம், மற்றது கட்டடம் எழும்பாத வெற்று நிலம். ஆனால் இரண்டு ரயில் பாதைகள் ஊருக்குள் ஓடின. கிளீவ்லாந்தின் தொழிற்சாலைகளோ அந்தப் பாதைகளை ஒட்டியே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. அவை அடுத்து வரப்போவது தங்கள் ஊருக்குத்தான் என்பதைக் கணிக்கக் கிராம மன்றத்துக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை.

செங்கல் சூளை, குதிரை லாயம் போன்ற தொல்லைகளை ஒவ்வொன்றாகத் தடுக்கும் விதிகள் அமெரிக்க நகரங்களில் முன்பே இருந்தன. நகரம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பகுத்து, எங்கே எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்று விதித்தது 1916இல் நியூயார்க். யூக்ளிட் மன்றம் அந்த வழியில் 1922 நவம்பர் 13 அன்று தன் விதியை நிறைவேற்றியது. நிலம் ஆறு பயன்பாட்டு வகைகளாகவும், மூன்று உயர வகைகளாகவும், நான்கு மனையளவு வகைகளாகவும் பிரிந்தது. முதல் வகையில் ஒரு குடும்பம் வாழும் தனிவீடு. இரண்டாவதில் இரு குடும்ப வீடு. மூன்றாவதில் அடுக்குமாடிக் குடியிருப்பு, விடுதி, பள்ளி, தேவாலயம், மருத்துவமனை. நான்காவதில் கடை, வங்கி, திரையரங்கு. ஐந்தாவதில் கிடங்கு, சலவையகம். ஆறாவதில் தொழிற்சாலை, கழிவுநீர் நிலையம், சிறை, சுடலை. மேல்வகைக் கட்டடம் கீழ்வகை நிலத்தில் வரலாம். கீழ்வகை மேலே ஏற முடியாது. தொழிற்சாலைப் பகுதியில் தனிவீடு கட்டத் தடையில்லை. தனிவீட்டுத் தெருவில் கடை போட வழியில்லை.

ஆம்ப்ளர் ரியால்ட்டி என்ற நில வணிக நிறுவனம் யூக்ளிட் அவென்யூவுக்கும் ரயில் பாதைக்கும் இடையே 68 ஏக்கரைத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் எண்ணத்தில் வைத்திருந்தது. வரைபடத்தின் கோடுகள் அதன் குறுக்கே விழுந்தன. சாலையோரம் 620 அடி ஆழத்துக்கு இரு குடும்ப வீடுகள், அதற்குப் பின் 130 அடி அடுக்குமாடி வகை, எஞ்சியதே தொழிற்சாலை. தொழிலுக்கென விற்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கிடைக்கும், வீட்டுமனையாக 2,500க்கு மேல் போகாது என்பது நிறுவனத்தின் வாதம். இழப்பீடு தராமல் சொத்தைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்குப் புறம்பு என்று வழக்குத் தொடுத்தது. கிளீவ்லாந்தின் முன்னாள் மேயரும் முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளருமான நியூட்டன் பேக்கர் அதன் வழக்கறிஞர். கிராமத்துக்காக ஜேம்ஸ் மெட்சன்பாம் வாதாடினார்.

1924இல் மாவட்ட நீதிபதி வெஸ்டன்ஹேவர் விதியைச் செல்லாது என்றார். ஊர்மக்களை வருமானப்படி வகைபிரித்து ஒதுக்கிவைப்பதே இதன் விளைவு என்று தீர்ப்பில் குறிப்பிட்டார். அந்த ஒரு கருத்தில் அவர் மேல்நீதிமன்றத்தைவிடத் தெளிவாகப் பார்த்தார்.

கிராமம் மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் 1926 ஜனவரியில் வாதம் கேட்டது. பிறகு அக்டோபரில் மீண்டும் கேட்டது. இடையில் சின்சினாட்டி வழக்கறிஞர் ஆல்ஃபிரட் பெட்மன், நகரத் திட்ட அமைப்புகளின் சார்பில் நிலத்தை வகைபிரிக்கும் இந்த முறையை ஆதரித்து மனு அளித்திருந்தார். நவம்பர் 22 அன்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் யூக்ளிட் வென்றது. தீர்ப்பை எழுதிய ஜார்ஜ் சதர்லாந்து சொத்துரிமையில் கறாரான பழமைவாதி என்பதால் பலருக்கு வியப்பு.

தகராறு தொழிற்சாலையைப் பற்றியது. தீர்ப்போ அடுக்குமாடியின்மேல் பாய்ந்தது. தனிவீட்டுப் பகுதியின் திறந்தவெளியைப் பயன்படுத்திக்கொள்ள வந்த ஒட்டுண்ணி என்று சதர்லாந்து அதைச் சாடினார். ஒன்றையடுத்து ஒன்றாக வந்து காற்றையும் வெயிலையும் மறைக்கும், போக்குவரத்தைப் பெருக்கும், குழந்தைகளின் விளையாட்டிடத்தைப் பறிக்கும் என்றார். புகைக்கும் இரைச்சலுக்கும் எதிரான காவல், வாடகைக் குடியிருப்புக்கும் எதிரான காவலானது இப்படித்தான். இன்ன நிறத்தார் இன்ன தெருவில் குடியேறக் கூடாது என்ற லூயிவில் நகர விதியை இதே நீதிமன்றம் 1917இல் தள்ளியிருந்தது. நிறத்தைச் சொல்லிக் கோடு போட முடியாத மன்றங்களுக்கு, வீட்டின் வகையையும் மனையின் அளவையும் சொல்லிப் போட இப்போது அனுமதி கிடைத்தது.

ஹெர்பர்ட் ஹூவர் பொறுப்பிலிருந்த வணிகத்துறை, நிலத்தை இப்படி வகைபிரிக்க மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை ஏற்கெனவே வெளியிட்டிருந்தது. தீர்ப்பும் சேர்ந்துகொள்ள, சிற்றூர்கள்வரை இம்முறை பரவியது. 1928இல் கேம்பிரிட்ஜ் நகர வழக்கொன்றில் ஒரு மனைக்கு விதியைப் பொருத்திய விதம் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தப் பக்கமே திரும்பவில்லை. முடிவு முழுக்க உள்ளூர் மன்றங்களின் கையில் இருந்தது. பல புறநகர்கள் நிலத்தின் பெரும்பகுதியைத் தனிவீட்டுக்கே ஒதுக்கின. சில, மனையின் குறைந்தபட்ச அளவை ஏக்கர் கணக்கில் உயர்த்தின. அவ்வளவு நிலம் வாங்க முடியாதவர் அந்த ஊரில் வாழ முடியாது.

ஆம்ப்ளரின் 68 ஏக்கரில் வீடுகள் எழவில்லை. இரண்டாம் உலகப் போர்வரை சும்மா கிடந்த நிலத்தில் போர்க்காலத்தில் விமான உறுப்புத் தொழிற்சாலை வந்தது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார் உறுப்புகளைச் செய்தது. மன்றம் வென்றெடுத்த நிலம் கடைசியில் தொழிற்சாலைக்கே போனது.

2018 டிசம்பரில் மின்னியாபொலிஸ் நகர மன்றம், தனிவீட்டுக்கென்றே ஒதுக்கிய பகுதிகளிலும் ஒரு மனையில் மூன்று குடியிருப்புகள்வரை கட்டலாம் என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு ஒரெகன் மாநிலம் அதே திசையில் சட்டம் இயற்றியது. கோடுகளை அழித்தவையும் மன்றங்களே, நீதிமன்றம் அல்ல. 1926ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் செல்லும்.