சுட்டுப்பொருள் இழந்த சிலைகள்: புடாபெஸ்ட்டும் பெங்களூரும்

பெங்களூரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியின் முன்பு நெடுங்காலம் நின்றிருந்தது, குதிரைமீது அமர்ந்த மார்க் கப்பனின் சிலை. 2020ஆம் ஆண்டு அது அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, அவர் பெயரால் வழங்கும் கப்பன் பூங்காவுக்குள் நிறுவப்பட்டது. சிலை உடைக்கப்படவில்லை, பாதுகாப்பாகவே இருக்கிறது. ஆயினும் அந்த இடமாற்றத்தில் ஏதேனும் அழிந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. மறைந்துபோன அதிகாரத்தின் சிலைகளை என்ன செய்வது என்று ஆராய்ந்து, திட்டமிட்டு ஒரு விடை தேடிய நகரம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட். அதன் அனுபவத்தோடு ஒப்பிட்டால் பெங்களூரின் நிலை தெளிவாகும்.

1989இல் ஹங்கேரியில் கம்யூனிச ஆட்சி முடிவுக்கு வந்தபின், தலைநகரின் சதுக்கங்களில் நின்றிருந்த லெனின், மார்க்ஸ், எங்கெல்ஸ், பேலா குன் ஆகியோரின் உருவங்களை உருக்கிவிட வேண்டும் என்று ஒரு தரப்பும், இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று மற்றொரு தரப்பும் வாதிட்டன. நகராட்சி மூன்றாவது வழியைத் தேர்ந்தது. நகரின் தென்மேற்கு விளிம்பில், கட்டடக் கலைஞர் ஆகோஷ் எலியோட் வடிவமைத்த திறந்தவெளிச் சிலைப் பூங்கா 1993இல் திறக்கப்பட்டது. மெமெண்டோ பூங்கா என்று இன்று அறியப்படும் அவ்விடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் உள்ளன. அச்சிலைகளைக் கேலி செய்வது எலியோட்டின் நோக்கமாக இருக்கவில்லை. சர்வாதிகாரத்தைப் பற்றித் தடையின்றிப் பேச முடிவதே மக்களாட்சியின் அடையாளம் என்பது அவர் கருத்து.

இந்தப் பூங்காவில் நிற்கும் சோவியத் வீரனின் உருவம் ஆய்வாளர்களின் தனிக் கவனத்துக்குரியது. 1947இல் கெல்லெர்ட் குன்றின் உச்சியில், கையில் ஓலை ஏந்திய பெண்ணுருவத்தை நடுவில் கொண்ட நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் அடிவாரத்தில் அவ்வீரன் நின்றான். விடுதலை அளித்த சோவியத் படைக்கு நன்றி கூறும் வாசகம் பீடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆட்சி மாறியபின் வீரன் பூங்காவுக்குச் சென்றான். பெண் குன்றிலேயே நின்றாள். பீடத்தின் வாசகம் மட்டும் மாற்றப்பட்டது. நாட்டின் சுதந்திரத்துக்காக உயிர் ஈந்த அனைவருக்குமான நினைவு என்று இன்று அது கூறுகிறது. உலோகத்தில் ஓர் இழைகூட மாறவில்லை, மாறியது சொல். அந்தச் சொல்லே சிலையின் பொருளைத் தலைகீழாக்கியது.

இலக்கண நோக்கில் இதனை விளக்கலாம். 'அவன்', 'இது', 'அங்கே' போன்ற சுட்டுச்சொற்களுக்கு நிலைத்த பொருள் இல்லை. பேசுவோர் நிற்கும் இடமும் சுட்டப்படும் பொருளும் தெரிந்தால்தான் அவை விளங்கும். பொதுவெளிச் சிலையும் அத்தகையதே. எந்தக் கட்டடத்தின் முன், எந்தச் சாலையை நோக்கி, எந்த வாசகத்தோடு நிற்கிறது என்பவற்றால் அதன் பொருள் அமைகிறது. அவற்றிலிருந்து பிரிக்கப்படும் சிலை, முன்வாக்கியம் கிழிந்துபோன கடிதத்தில் எஞ்சிய 'அவர்' போன்றது. யாரோ ஒருவர் குறிக்கப்படுகிறார் என்று தெரியும். யார் என்று தெரியாது.

கப்பன் சிலையின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. 1831இல் மைசூர் அரசரிடமிருந்து நிர்வாகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஆணையர் ஆட்சியைப் பெங்களூரிலிருந்து நடத்தினர். 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்தவர் கப்பன். பெங்களூர் நிர்வாகத் தலைநகராக வேரூன்றியது அவர் காலத்தில்தான். அந்நிய ஆட்சியின் முகமாக விளங்கிய அவரே, மைசூரைச் சென்னை மாகாணத்தின் பொறுப்பில் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1861இல் தாயகம் திரும்பும் வழியில் சூயஸில் இறந்தார். சிற்பி மரொக்கெட்டி உருவாக்கிய சிலை 1866இல் முதலில் படை அணிவகுப்பு மைதானத்தில் நிறுவப்பட்டு, பின்னர் அட்டாரா கச்சேரிக்கு முன் கொண்டுவரப்பட்டது. மைதானத்தில் அது படைத்தலைவனின் உருவம். பதினெட்டுத் துறைகளுக்காகக் கட்டப்பட்டதால் உருதுச் சொல்லால் 'அட்டாரா' எனப் பெயர்பெற்ற செயலகத்தின் முன் அது ஆட்சியாளனின் உருவம். மரநிழலில் இன்று அது குதிரையேறிய ஒரு வெள்ளைக்காரரின் உருவம் மட்டுமே. மூன்று இடங்கள், மூன்று பொருள்கள். மூன்றாவது ஏறக்குறைய வெற்றுப் பொருள்.

இதே பூங்காவின் மறுபுறத்தில் விக்டோரியா அரசியின் பளிங்குச் சிலை நிற்கிறது. 1906 பிப்ரவரி 5 அன்று, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். அது இடம் மாறவில்லை. இடம்தான் அதைச் சுற்றி மாறிவிட்டது. 1881இல் மைசூர் ஆட்சி உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பிறகும் தண்டுப் பகுதி 1947 வரை ஆங்கிலேயர் வசமே இருந்தது. பேட்டையில் கன்னடமும் தண்டில் தமிழும் ஓங்கி ஒலித்த இரட்டை நகரம் அது. இரண்டுக்கும் இடையில் விரிந்திருந்தது பூங்கா. அதன் எல்லையில் நின்ற அரசியின் சிலை, இங்கிருந்து ஆட்சி மாறுகிறது என்று கூறிய எல்லைக்கல். இரு நகராட்சிகளும் 1949இல் இணைந்தன. இன்று அவ்வழியே செல்வோருக்கு அச்சிலை எந்த எல்லையையும் உணர்த்துவதில்லை.

சிலைகளின் பிற கதிகளையும் தென்னகம் கண்டிருக்கிறது. 1791 முற்றுகையில் இறந்த ஆங்கிலப் படையினருக்காகப் பெங்களூரில் எழுப்பப்பட்டிருந்த நினைவுத்தூண், கன்னட இயக்கத்தினரின் போராட்டத்தை அடுத்து 1964இல் இடிக்கப்பட்டது. அத்தூணால் 'செனோடாஃப் சாலை' எனப்பட்ட வீதி, ராஷ்டிரகூட அரசன் பெயரால் நிருபதுங்கா சாலை ஆயிற்று. சென்னையில் 1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்ட அச்சிலை, பின்னர் அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. டெல்லி இந்தியா கேட் மண்டபத்திலிருந்த ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968இல், அவரது முடிசூட்டு தர்பார் நடந்த இடத்திலேயே அமைந்த கொரோனேஷன் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இடித்தல், அறைக்குள் வைத்தல், ஒதுக்குப்புறத்தில் நிறுத்துதல் என வழிகள் வேறுபட்டன. சிலை ஏன் வந்தது, ஏன் போனது என்பதை அந்தந்த இடத்திலேயே மக்களுக்குச் சொல்லும் பொறுப்பை மட்டும் பெரும்பாலும் யாரும் ஏற்கவில்லை.

பேரரசுச் சிலைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று இது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதே 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார். இரு சிலைகளும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. ஒன்றை அறியாமல் மற்றொன்றை முழுமையாகப் படிக்க இயலாது. ஏரிக்கரையில் இன்று வள்ளுவரைக் காணும் சிறுவனுக்குக் குறளை எவரும் சொல்லித்தரலாம். பதினெட்டாண்டுத் திரையின் கதையைச் சொல்வார் அரிது. நகரின் மொழி உறவுகளைப் பற்றி அந்தத் திரை கற்பிப்பது சிலை கற்பிப்பதைக் காட்டிலும் குறைவன்று.

இடம்பெயர்ந்த கல் எல்லாம் ஊமையாகிவிடும் என்பதற்கில்லை. கப்பன் பூங்காவை ஒட்டிய அரசு அருங்காட்சியகத்தின் உடைமைகளுள் ஒன்று, இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு நடுகல். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைப் பதிவுசெய்யும் அக்கல், ஒரு நாய்க்காக நடப்பட்டது. போரில் ஆற்றிய பணிக்குப் பரிசாக கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாயும் பன்றியும் மோதும் காட்சி மேலே. யார், எங்கே, ஏன் என்ற விவரம் எழுத்தில். ஆயிரம் ஆண்டு கடந்து, ஊர்விட்டு ஊர் வந்த பின்னும் அக்கல் தன் பொருளை இழக்கவில்லை. தன் முன்வாக்கியத்தைத் தன் உடலிலேயே அது சுமந்து வந்தது. கீழடுக்கிலும் மேலடுக்கிலும் எழுத்தோடு நட்ட நம் நடுகல் மரபு, உருவமும் வாசகமும் பிரியக்கூடாது என்பதை அறிந்திருந்தது.

கப்பன் பூங்கா திட்டமிடாமலேயே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமாகி நிற்கிறது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, சாமராஜேந்திர உடையார், பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயர், இப்போது கப்பன் எனப் பேரரசும் சமஸ்தானமும் ஒரே சோலையில் உள்ளன. புடாபெஸ்ட் செய்ததுபோலச் சிலைகளை ஊருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டிய தேவை பெங்களூருக்கு இல்லை. ஒவ்வொரு பீடத்தின் அருகிலும் ஒரு பலகை போதும். அதில் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சிலையை யார் வைத்தார், முதலில் எங்கே நின்றது, எப்போது, யார் முடிவால் நகர்ந்தது, யார் எதிர்த்தார் என்பவை இடம்பெற வேண்டும். அது புகழுரையாகவும் இகழுரையாகவும் இருக்கத் தேவையில்லை.

1927இலேயே இப்பூங்காவுக்குச் சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது; ஊர்ப் பேச்சில் அது இன்னும் கப்பன் பூங்காதான். மக்கள் நாவில் அன்றாடம் புழங்கும் அப்பெயருக்கு உரியவர் யார் என்பதைச் சில அடி தொலைவில் நிற்கும் சிலையால் சொல்ல முடியவில்லை. காளி என்ற நாய்க்குக் கிடைத்த விளக்கம், 27 ஆண்டு ஒரு நாட்டை ஆண்டவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குறையை நீக்குவது வரலாற்று மாணவர்களும் மொழி மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய பணி.