ஷிப்டும் ஏரியும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஓய்வுப்பொழுது உருவான வரலாறு

சென்னைவாசியின் பொழுதுபோக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கடலோரத்தை விட்டு நகர்வதில்லை. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினா நடைபாதை, மயிலாப்பூர் சபாக்கள், மவுண்ட் ரோடு தியேட்டர்கள், சேப்பாக்கம் மைதானம் என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களும் சென்னைவாசிகள்தான். ஆனால் அவர்களுக்குக் கடல் 15 முதல் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. திருவல்லிக்கேணிக்காரர் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்துபோகும் மெரினா, ஆவடிக்காரருக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பும் ஒருநாள் பயணம். 1979-இல் அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் ரயில்பாதை மின்மயமான பின் பயணம் சுலபமானது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் 26.1 கிலோமீட்டரில் இணைக்கும் மெட்ரோ வழித்தடம் அதை இன்னும் சுருக்கும். ஆயினும், கடற்கரை கைக்கெட்டாத இம்மக்கள் மாலைகளையும் ஞாயிறுகளையும் எப்படிக் கழித்தார்கள் என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

என் வாதம் இதுதான்: மேற்குப் புறநகரின் ஓய்வுப்பொழுது மூன்று கொடைகளால் ஆனது. நேரத்தைத் தொழிற்சாலைச் சட்டம் தந்தது. இடத்தை ஏரி தந்தது. இவ்விரண்டையும் வைத்து வாழ்க்கையை உண்டாக்கியது மக்களின் சொந்த முயற்சி. இவற்றில் முதலாவது எல்லோருக்கும் கிடைக்கவில்லை, இரண்டாவது நிலைக்கவில்லை.

ஆலைக்கு முன்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது இந்த ஊர்கள் வழியாகத்தான் போனது. அதன் பிறகும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இவை ஏரிப்பாசனக் கிராமங்களாகவே இருந்தன. அறுவடையும் கோயில் நாட்காட்டியும்தான் ஓய்வைத் தீர்மானித்தன. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள், திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர், திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சி என்று ஒவ்வொரு திசையிலும் ஒரு திருவிழா. ஆடியில் கூழ் வார்ப்பு. அறுவடை முடிந்தால் விடிய விடியத் தெருக்கூத்து.

பௌர்ணமியும் வெள்ளியும் கூடிவரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மனையும், நடுப்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயல் கொடியிடையம்மனையும் தரிசிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இதைப் பக்தி என்று மட்டும் வகைப்படுத்திவிடக் கூடாது. காலையில் கிளம்பி விளக்கு வைத்த பிறகு வீடு திரும்ப, யாரும் குறுக்குக்கேள்வி கேட்காத அனுமதி அதில் பெண்களுக்குக் கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து பஸ் ஏறி, பேசி, சிரித்து, வளையலோ ரிப்பனோ வாங்கிவரும் நாள் அது. இப்பகுதியில் பெண்கள் கூட்டாக நுகர்ந்த ஓய்வின் மிகப் பழைய வடிவம் இதுவே எனலாம்.

மணி அடித்துத் தந்த நேரம்

வேலை நேரமும் சொந்த நேரமும் கோடு கிழித்துப் பிரிந்தது தொழிற்சாலைகள் வந்த பிறகுதான். அந்தக் கோட்டின் வரலாறு நீண்டது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளில் ஆண்களின் வேலையை நாளுக்கு 12 மணி நேரமாக வரையறுத்தது. 1922-இல் நாளுக்கு 11, வாரத்துக்கு 60. 1934-இல் 10, 54. 1946-இல் 9, 48. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்த 48 மணி நேரத்தையும் வார விடுமுறையையும் உறுதிசெய்தது. இவை தாமாக வந்துவிடவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1923-இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கணக்கின் பின்னணி.

மேற்குப் புறநகர் இந்த உரிமையைப் பிறக்கும்போதே பெற்றது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் நிறுவப்பட்டு 1951-இல் அம்பத்தூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறு ஆண்டுகளில் அதே ஆவடியில் அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே காலத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆக, 1948-க்குப் பின் எழுந்த ஆலைகளே இங்கே அதிகம். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளி போராடிப் பெற்ற மாலைப்பொழுது, அம்பத்தூர்த் தொழிலாளியின் நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆனால் அந்த மாலை எப்போதும் மாலையிலேயே வருவதில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும்போது வீடு முழுவதும் கூடவே சுழன்றது. அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் வாரத்தில் ரேடியோவின் ஓசை குறையும், பிள்ளைகள் தெருக்கோடிக்கு விரட்டப்படுவார்கள், குக்கர் விசில்கூட உறுத்தும். சினிமாவையும் இந்தச் சுழற்சியோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். கீற்றுக் கொட்டகையில் பகல் வெளிச்சத்தில் திரையில் எதுவும் தெரியாது. டூரிங் டாக்கீஸ் என்றால் இரவில் இரண்டு ஆட்டம்தான். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் படம் பார்க்க வழியே இல்லை. நிலையான தியேட்டர்கள் வந்து பகல் காட்சிகள் தொடங்கியபோதுதான் ஷிப்ட் தொழிலாளியின் கடிகாரத்துக்குச் சினிமா இறங்கிவந்தது. அம்பத்தூரின் ராக்கி, முருகன் போன்ற தியேட்டர்களின் சமூகப் பங்கை வசூலைவிட இந்தப் பகல் காட்சிகளை வைத்தே அளக்க வேண்டும்.

பெரிய ஆலைக்கும் சின்னப் பட்டறைக்கும் இடையிலான வேறுபாடு ஓய்விலும் நீண்டது. 1948 சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் கேன்டீன் கட்டாயமாக இருந்தது. ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் 150 பேருக்கு மேல் இருந்தால்தான். பெரிய ஆலையோடு குவார்ட்டர்ஸ், மைதானம், கிளப், அலுவலக விளையாட்டு அணி எல்லாம் வந்தன. பத்து லேத் ஓடும் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவருக்கு டீக்கடை பெஞ்சுதான் மனமகிழ் மன்றம். தாள் தாளாகப் பிரிந்து பல கை மாறும் தினத்தந்திதான் நூலகம். ஓவர்டைம் (ஓ.டி.) கிடைத்தால் அந்த டீக்கடைப் பொழுதும் போகும். வாழ்க்கைச்செலவு கூடக்கூட, அவரே விரும்பி ஓ.டி. கேட்டார். சட்டம் தந்த ஓய்வைச் சம்பளம் திரும்ப வாங்கிக்கொண்ட கதை இது. தொழிற்பேட்டையின் வரலாற்றை எழுதுவோர் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

வீட்டுக்குள் வந்த பொழுதுகள்

1948-இல் இன்னொரு சட்டமும் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியின் பலனாக நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து, ஊர்தோறும் கிளை நூலகத்துக்கு வழி வகுத்தது. தொழிற்சாலைச் சட்டம் நேரத்தைத் தந்த அதே ஆண்டில் அந்த நேரத்தில் படிக்க ஒரு மேசையையும் அரசு போட்டுத் தந்தது. இந்த ஒற்றுமை எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும்.

ஆனால் கிளை நூலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் வாசிப்பு வீட்டுக்குள் நடந்தது. அதற்குத் தனித் தொழில்நுட்பமே இருந்தது. விகடன், கல்கி, குமுதத்தில் வரும் தொடர்கதையை வாராவாரம் பக்கம் பிசகாமல் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு தொகுப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காலத்தின் குறுக்குவெட்டு தெரியும். அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்னால் பாதி ஜோக், தலைவலி மாத்திரை விளம்பரம், ஓரத்தில் பால்கணக்கு. ஒரு வாரம் தவறிப்போயிருந்தால் பக்கத்து வீட்டு இதழைப் பார்த்துக் கையால் எழுதிச் சேர்த்த இரண்டு தாள்கள். முதல் பக்கத்தில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பெயர்கள். குவார்ட்டர்ஸ் வரிசையில் இது ஒரு சுற்றும் நூலகம். மாத நாவல்கள் வந்து புத்தகம் மலிவானபோது இந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது.

ரேடியோவுக்கு இந்தப் பகுதியோடு நேரடி உறவு உண்டு. சென்னை வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் ஆவடியில்தான் நிற்கின்றன. கையால் வேலை செய்துகொண்டே காதால் கேட்க முடிந்ததால் ரேடியோ பெண்களிடம் நெருங்கியது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபோது கண்ணும் சேர்ந்து கேட்டது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க டி.வி. இருந்த வீட்டின் கூடத்தில் தெருவே கூடியது. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்த பிறகு அந்தக் கூட்டம் கலைந்துபோயிற்று.

ஏரி என்னும் மைதானம்

மேற்குப் புறநகருக்கு மெரினா இல்லை. ஆனால் அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரிகள் இருந்தன. பாசனத்துக்காக வெட்டிய அந்த ஏரிகள், வயல்கள் மனைகளான பின் வேலையற்று நின்றன. கோடையில் நீர் வற்றியதும் அவற்றை எடுத்துக்கொண்டவர்கள் கிரிக்கெட் ஆடும் பையன்கள்.

ஏரிப்படுகையில் பிட்ச் போடுவது தனிக் கலை. காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பில் பந்து விழுந்தால் விரல்விட்டு நோண்ட வேண்டும். எனவே முதல்நாள் மாலையே வெடிப்புகளில் மண் நிரப்பி, எஞ்சிய குட்டையிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றி, மிதித்துச் சமப்படுத்துவார்கள். மறுநாள் டென்னிஸ் பந்தில் பெட் மேட்ச். தலைக்கு இவ்வளவு என்று போட்ட பணம் ஜெயித்த அணிக்கு. ஒரே ஏரிக்குள் பத்து ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். எந்த ஃபீல்டர் எந்த அணி என்பது ஆடுபவர்களுக்கு மட்டும் தெரியும். குவார்ட்டர்ஸ் பையனும் பட்டறைப் பையனும் ஒரே அணியில் ஆடியது இங்கேதான். ஆலை மைதானத்தின் கேட்டில் காவலாளி இருந்தார். ஏரிக்குக் கேட் கிடையாது.

அந்த இடம் நிலைக்கவில்லை. ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்று குடியிருப்புப் பகுதிக்கே பெயர் வைக்கும் அளவுக்கு ஏரிகள் வீடுகளாயின. எஞ்சியவற்றில் கழிவுநீர் சேர்ந்தது. கொரட்டூர் ஏரியில் ஆலைக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். பள்ளி மாணவர்களும் அதில் முன்னின்றார்கள். இந்தப் போராட்டத்தைச் சுற்றுச்சூழல் வரலாற்றில் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. கூழைக்கடாவையும் நாமக்கோழியையும் பார்க்கக் காலையில் கரையில் நிற்பவர்கள், நடப்பவர்கள், தூண்டில் போடுபவர்கள் என்று ஓய்வுக்காக ஏரிக்கு வந்தவர்கள் நாளடைவில் அதன் காவலர்களாக மாறினார்கள். பாசன உரிமையாளர் போன பிறகு ஏரிக்குக் கிடைத்த புதிய உரிமையாளர் இந்த நடைப்பயிற்சிக்காரர்தான்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரி வேறு வழியில் போனது. அங்கே 2019-இல் அரசே ஏரியைச் சீரமைத்துப் பசுமைப் பூங்கா திறந்தது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடைபாதை, படகு, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும் நடக்க இடம் கிடைத்த அளவுக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. நாற்பது வயதுக்காரருக்குத் தந்ததைப் பதினைந்து வயதுக்காரனிடமிருந்து எடுத்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

சதுரங்கப் பலகைக்கு முன்

திடல் சுருங்கிய அதே காலத்தில்தான், இடமே தேவைப்படாத ஒரு பொழுதுபோக்கு இந்தப் பகுதியில் வேர்விட்டது. சென்னையின் சதுரங்க மரபு நகரின் நடுவில் தொடங்கியது; 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் மேனுவல் ஆரோன் முன்னின்று தொடங்கிய மிகைல் தால் கிளப்பில்தான் ஆனந்த் பழகினார். அடுத்த தலைமுறையின் முகவரி மேற்கே நகர்ந்தது. பாடியில் வளர்ந்த வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்ததன் காரணம், அவர் டி.வி. பார்ப்பதைக் குறைப்பது. அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகைக்கு முன் உட்கார்ந்தார். 2018-இல் தம்பியும் 2023-இல் அக்காவும் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். மேல் அயனம்பாக்கத்தில் படித்த குகேஷ் 2013-இல் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று ஆடத் தொடங்கி, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியனானார்.

தனிமனிதத் திறமையை இட விளக்கத்தால் குறைக்க நான் முயலவில்லை. ஆனால் மாதச் சம்பளக் குடும்பம், பிள்ளைகளின் மாலைநேரத்தைப் பற்றிய கவலை, பள்ளி முடிந்ததும் அதே கட்டடத்தில் வகுப்பு, ஓடியாட இடமின்மை ஆகிய நான்கும் ஒன்றுகூடிய ஒரு பகுதியில் இந்த ஆட்டம் பரவியது தற்செயலன்று.

அந்தப் பரவலுக்கு யாருடைய நேரம் செலவானது என்று பார்த்தால் படம் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பள்ளியில் நடக்கும் வயதுவாரிப் போட்டிக்குப் போனால், அரங்கின் வெளியே வராந்தாவில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும். சிலர் கீரை ஆய்கிறார்கள், சிலர் பூக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்கிறார்கள். 2023 பாகு உலகக் கோப்பையில் மகன் இறுதிவரை போனபோது அரங்கில் நின்ற பிரக்ஞானந்தாவின் தாயை உலகமே படத்தில் பார்த்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அவர் அடுப்பையும் பாத்திரத்தையும் கொண்டுபோய்ச் சாதமும் ரசமும் வைத்துத் தந்தார்.

2019-இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். 2024-இல் இது 289, 88 என்று சற்றே மாறியது. தொழிற்சாலைச் சட்டத்தின் 48 மணி நேரத்துக்குள் இந்தக் கணக்கு ஒருபோதும் வந்ததில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டபோது, விவாதம் ஆலைக்குள் கழியும் நேரத்தைப் பற்றியே நடந்தது. அம்பத்தூர்ப் பேட்டையில் வேலை பார்க்கும் பெண் 12 மணி நேரம் கழித்து வீடு திரும்பினால் மிச்சமுள்ள 12-இல் ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும் என்ற கணக்கை அன்று யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. மேற்குப் புறநகரின் ஓய்வு வரலாற்றில் அடுத்து எழுத வேண்டிய அத்தியாயம் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றியது.