நீரிழிவு உணவுமுறை (இரண்டாம் வகை)

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர், தம் இரத்தச் சர்க்கரை, உடல் எடை, உட்கொள்ளும் மருந்து, வீட்டுச் சமையல் ஆகியவற்றுக்குப் பொருந்துமாறு உணவின் அளவையும் சேர்க்கையையும் வகுத்துக்கொள்ளும் முறை. பேச்சுவழக்கில் இது ‘சுகர் பத்தியம்’ எனப்படுகிறது. பத்தியம் என்றதும் நினைவுக்கு வருவது விலக்கவேண்டியவற்றின் பட்டியல். அந்தப் பட்டியலோடு நின்றுவிடுவதால்தான் பல வீடுகளில் காப்பியில் சர்க்கரை போடாமலேயே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது. தட்டில் சோறு எவ்வளவு, அதனுடன் என்ன இருக்கிறது, சாப்பிட்ட பின் இரத்தத்தில் என்ன நடக்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த உணவுமுறையின் அடிப்படை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023இல் வெளியிட்ட கணிப்பின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு.

வரலாறு

உணவால் நீரிழிவை ஆளும் முயற்சி மருந்துகளுக்கு முந்தியது. பாரிஸ் மருத்துவர் அப்போலினேர் பூஷார்தா 19ஆம் நூற்றாண்டிலேயே மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொன்னார். 1870-71இல் பாரிஸ் நகரம் முற்றுகையில் சிக்கி உணவு பங்கிடப்பட்டபோது, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை அவர் கவனித்தார். அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் 1910களில் பட்டினிக்கு அருகான உணவுமுறையைக் கையாண்டார். 1921-22இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அந்தக் கடுமை தளர்ந்தது.

சென்னையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். சோற்றைப் பெரிதும் குறைக்கச் சொல்லும் மேலைநாட்டு அட்டவணைகள் இங்கே செல்லுபடியாகாது என்பதை உணர்ந்து, நார்ச்சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவை அவர் வலியுறுத்தினார். மாவுச்சத்தைச் சற்றுக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்லும் பக்கம் இன்றைய ஆய்வுகள் சாய்ந்துள்ளன. ஆயினும் மக்கள் உண்ணும் உணவிலிருந்தே தொடங்கவேண்டும் என்ற அவரது அணுகுமுறைக்கு மாற்று வரவில்லை.

மாவுச்சத்தும் சோறும்

சோறு, இட்லி, சப்பாத்தி, கூழ், கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. அதைத் திசுக்களுக்குள் செலுத்தும் இன்சுலினுக்கு இரண்டாம் வகை நீரிழிவில் உடல் சரியாக இணங்குவதில்லை. நாளடைவில் கணையத்தின் சுரப்பும் குறைகிறது. இதனால் ஒரே நேரத்தில் மிகுதியாக வரும் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது.

வேகவைத்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மதியம் 300 கிராம் சோறு உண்பவர் 84 கிராம் மாவுச்சத்து உண்கிறார். மாவுச்சத்துக் கணக்கில் இது 20 தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடு. காலையில் காப்பிக்கு விட்டுக்கொடுத்த ஒரு கரண்டியை இதனோடு வைத்துப் பார்த்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்பது விளங்கும். 21 நாடுகளில் 1,30,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. அதில் தெற்காசியர் நாளொன்றுக்கு உண்ட சோற்றின் நடு அளவு 630 கிராம். சோறு மிகுதியாக உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தெரிந்தது. நோய் வருவதைப் பற்றிய ஆய்வே இது. வந்தபின் என்ன செய்வது என்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை என்றாலும் சோற்றின் எடையை ஒருமுறையேனும் தராசில் வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் சர்க்கரையை உயர்த்துவதில்லை. டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் இந்த வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை உருவாக்கினர். தூய குளுக்கோஸை 100 எனக் கொண்டால் 55 வரை குறைவு, 70 முதல் அதிகம். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசிக்குப் பொதுவாகக் குறியீடு குறைவு. கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை முதலியவை குறைந்த வரிசையில் நிற்கின்றன. ஆனால் குறியீடு வேகத்தை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. கைக்குத்தல் அரிசி என்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கிடைத்த ஆதாயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சிறுதானியத்திலும் இதே சிக்கல்தான். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. அது நல்ல உணவு. ஆனால் அதன் மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றே குறைவு. அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைந்து ஏறும். அதே கேழ்வரகை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை சேர்த்து உண்டால் ஏற்றம் மெதுவாகும். தினை, வரகு, சாமை, குதிரைவாலி எதுவானாலும் முழுமணியாக வேகவைத்துச் சோற்றின் இடத்தில், அளவோடு வைக்கலாம். இரவுக்குச் சோற்றை விட்டு நான்கு சப்பாத்தி என்பதும் பரவலான வழக்கம். கோதுமையும் மாவுச்சத்தே, நான்கை இரண்டாக்கி, மிச்ச இடத்தில் பருப்புக் கூட்டு வைப்பதுதான் மாற்றம்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவை வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்று விற்கப்படுகின்றன. கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். மூன்றுமே இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவை.

இலையை மாற்றி அடுக்குதல்

பல நாட்டு மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கும் எளிய அளவுகோல் தட்டு முறை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு அல்லது வேறு தானியம். தமிழர் உணவில் இதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது, விகிதம்தான் தலைகீழ். சோறு நடுவில் குவிந்திருக்க, பொரியலும் கூட்டும் இலையின் மேல்வரிசையில் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே வைக்கப்படுகின்றன. அவரை, புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றை ஒரு கப் அளவுக்கு உயர்த்தினால் சோறு தானாகக் குறையும். உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காய் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை சோற்றின் பங்கு.

புரதம்தான் நம் சாப்பாட்டில் மெலிந்து கிடக்கும் பகுதி. தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு மிகக் குறைவு. சுண்டல், பாசிப்பயறு, கெட்டிப் பருப்பு, தயிர், பனீர், முட்டை, மத்தி, நெத்திலி, அயிலை, தோல் நீக்கிய கோழி என வீட்டு வழக்கத்துக்கும் கைப்பணத்துக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி தீர்த்த பெரும் திட்டம் அது. ஆனால் வயிறு நிறைய மிகமலிவான வழி மாவுச்சத்தே என்றிருக்கும் குடும்பத்திடம் ‘புரதம் சேருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. அதே கடையில் மானிய விலையில் வரும் துவரம்பருப்பைக் கெட்டியாக வேகவைப்பது, கொள்ளைத் துவையலாக்குவது என்று அவர்கள் கைக்கு எட்டும் வழிகளைச் சொல்லவேண்டும்.

உண்ணும் வரிசையும் பொருட்படுத்தத் தக்கது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டவர்களுக்கு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்ததை நியூயார்க்கில் நடந்த சிறு ஆய்வொன்று 2015இல் காட்டியது. பொரியலையும் கூட்டையும் உண்டு முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவது செலவில்லாத மாற்றம்.

பழங்களில் கொய்யா, ஆப்பிள், பப்பாளித் துண்டுகள் போன்றவற்றை அளவோடு முழுதாக உண்ணலாம். பிழிந்து சாறாக்கினால் நார் போய்ச் சர்க்கரை தங்கும். மாம்பழமும் பலாச்சுளையும் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டவை அல்ல. ஒரு சிறு துண்டு உண்ணும் நாளில் சோற்றை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் போதும். பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவுப்பொருள்கள். மருந்தை நிறுத்தும் அளவுக்கு ஆற்றல் உடையவை அல்ல.

சோதித்து அறிதல்

ஒரே உணவு இருவரிடம் ஒரே விளைவைத் தருவதில்லை. இஸ்ரேலின் வெய்ஸ்மான் நிறுவனத்தினர் 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பண்டத்துக்கு ஆளுக்கு ஆள் ஏற்றம் பெரிதும் வேறுபட்டது. எனவே அச்சிட்ட உணவு அட்டவணை தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். வீட்டுக் குளுக்கோமீட்டரில் உண்ணும் முன் ஒருமுறை, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து, அன்று உண்டதோடு சேர்த்து எழுதிவைக்கலாம். மூன்று இட்லி தேங்காய்ச் சட்னியோடு ஒருநாள், இரண்டு இட்லி முட்டையோடு ஒருநாள் என்று ஒரே வேளையை மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டே வாரத்தில் தமக்கு எது ஒத்துவருகிறது என்று புலப்படும். பொதுவாக, வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம், உண்டபின் 180க்குள் என்பது இலக்கு; முதியோருக்கும் பிற நோய் உள்ளோருக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். இரவு உணவைத் தவிர்த்தும் காலையில் சர்க்கரை கூடியிருந்தால் தம்மைத்தாமே குற்றம் சொல்லவேண்டியதில்லை. இரவெல்லாம் கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுகிறது. அதைச் சீர்செய்யப் பெரும்பாலும் மருந்து மாற்றமே தேவைப்படும்.

எடை

உடல் பருத்தவர்களுக்கு எடைக்குறைப்பு தனி மருந்தாகவே வேலை செய்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்திய ஆய்வில், நோய் கண்டு 6 ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்கு 850 கலோரி அளவில் உணவு தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது இது. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23ஐத் தாண்டும்போதே ஆபத்து தொடங்குவதால், ஒல்லியாகத் தெரிபவரும் தம் இடுப்புச் சுற்றளவைக் கவனிப்பது நல்லது.

மருந்தோடு பொருத்துதல்

மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். சைவ உணவினருக்கு இந்தக் குறைபாடு எளிதில் வரும் என்பதால் அவர்கள் அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்குப் புரதம், உப்பு, பொட்டாசியம் மூன்றும் கணக்குக்குள் வருகின்றன; அவர்களுக்கு இளநீர்கூட ஆபத்தாகலாம்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் சோற்றைத் திடீரெனக் குறைத்தாலும், சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருந்தாலும் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழலாம். உணவை மாற்றும் முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றி, அளவு 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது தண்ணீரில் கரைத்த 3 தேக்கரண்டிச் சர்க்கரை எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். அக்கார்போஸ் மாத்திரையும் உட்கொள்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து செரிக்காது. அவர் குளுக்கோஸ் பொடியையே கையில் வைத்திருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்கவேண்டும்.