பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 திணறுதா? புது கார்டு வாங்கும் முன் இதைப் பாருங்க!

போலீஸ் துரத்துகிறது. காரைத் திருப்பும் நேரத்தில் காட்சி அரை நொடி உறைகிறது. அவ்வளவுதான், மிஷன் காலி! பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 ஆடுபவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. 'புது கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்' என்று உடனே முடிவெடுத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அது வீண் செலவு.

2013-ல் கன்சோல்களுக்கு வந்த இந்த கேம், கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரல் 14-ல். அப்போது கேட்கப்பட்ட குறைந்தபட்ச ரேம் 4 ஜிபிதான். 2025 மார்ச்சில் வந்த 'என்ஹான்ஸ்டு' பதிப்புக்கு எஸ்எஸ்டி கட்டாயம். பழைய கம்ப்யூட்டர் என்றால் 'லெகசி' பதிப்பே பொருத்தம்.

சிக்கல் எங்கே? ஒரு சின்ன சோதனை

கிராபிக்ஸ் மெனுவில் ரெசல்யூஷனை 1920x1080-லிருந்து 1280x720-க்கு மாற்றிப் பாருங்க. கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். கேம் வேகமானால், திணறியது கிராபிக்ஸ் கார்டு. பெரிய மாற்றம் இல்லையா? அநேகமாக பிராசஸர்தான் காரணம். அப்படியென்றால் புது கார்டு போட்டாலும் பலன் குறைவு. சோதனை முடிந்ததும் ரெசல்யூஷனை பழையபடி வைத்துவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டு திணறினால்...

* எம்எஸ்ஏஏ: ஓரங்களை மழமழப்பாக்கும் வசதி. கார்டுக்கு பெரும் சுமை. இதை அணைத்துவிட்டு, இலகுவான எஃப்எக்ஸ்ஏஏ-வை ஆன் செய்தால் போதும்.
* கிராஸ் குவாலிட்டி: லாஸ் சாண்டோஸ் நகருக்குள் நன்றாக ஓடி, பிளெய்ன் கவுண்டி புல்வெளிக்குப் போனதும் திணறினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 'நார்மல்' வையுங்க.
* ஷேடோ, போஸ்ட் எஃப்எக்ஸ்: ஒவ்வொரு படியாகக் குறைக்கலாம்.
* டெக்ஸ்சர் குவாலிட்டி: இதை அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். இது முக்கியமாகக் கேட்பது கார்டின் மெமரியை. மெனுவில் தெரியும் வீடியோ மெமரி அளவுக்கோடு எல்லைக்குள் இருந்தால் அப்படியே விடலாம். எல்லை தாண்டினால்தான் காட்சி விட்டு விட்டு வரும்.

பிராசஸர் திணறினால்...

தெருவில் நடமாடும் ஆட்கள், வண்டிகள் எல்லாவற்றையும் கணக்கிடுவது பிராசஸர். 'பாப்புலேஷன் டென்சிட்டி', 'டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்' இரண்டையும் பாதிக்குக் கீழே இறக்குங்க. அட்வான்ஸ்டு மெனுவில் உள்ள 'எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்' பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். தெருவில் கூட்டம் குறையும், ஆட்டம் சீராகும்.

லேப்டாப்பில் ஆடுறீங்களா?

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும், கேம் சில நேரம் பிராசஸரோடு வரும் சாதாரண கிராபிக்ஸில் ஓடும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய், ஜிடிஏ 5-க்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்வு செய்யுங்க. சார்ஜர் போட்டு ஆடுங்க. மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துளை அடைபடும். சூடு ஏறினால் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றியதும், கேமிலேயே உள்ள பெஞ்ச்மார்க் சோதனையை ஓட்டிப் பாருங்க. நொடிக்கு 60-க்கும் 25-க்கும் இடையே தாவும் ஃப்ரேம்களைவிட, நிலையான 30 கண்ணுக்கு இதமாக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விசின்க்கை 'ஹாஃப்' என வைத்தால் 30-ல் நிற்கும்.

'ஒரே கிளிக்கில் வேகம்' என்று இணையத்தில் வரும் பூஸ்டர் ஃபைல்களில் கை வைக்காதீங்க. வைரஸ் வர வாய்ப்புண்டு. இத்தனையும் செய்தும் திணறினால், அப்போது செலவைப் பற்றி யோசிக்கலாம். காசை எதில் போட வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.