லயத்துக் கோடியில் ஒரு பாத்தி

மாசி மாதக் கடைசியில் பதுளையிலிருந்து பசறைப் பக்கமாக பஸ்ஸில் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். ஐப்பசி தொடங்கி தை வரை மழையில் ஊறிக் கிடந்த மலைச்சரிவுகள் அப்போதுதான் வெளுத்து உலர ஆரம்பிக்கும். முள்முருக்கு மரங்கள் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் லயங்களின் பின்புறத்திலும் கோடியிலும் ஆணும் பெண்ணுமாகக் குனிந்து மண் கொத்திக்கொண்டிருப்பார்கள். பங்குனி, சித்திரை மழைக்கு முன் பாத்தி தயாராக வேண்டும். வெள்ளைக்காரன் வசந்தம் என்று சொல்லுகிற பருவம் நமது நாட்டில் இல்லை என்பார்கள். அந்த முகங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஊவாவில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. பதுளைக் கடைவீதியில் ஒருவரைப் பார்த்து 'நீங்கள் எந்தத் தோட்டம்?' என்று கேட்டால் அது அவருடைய முகவரியைக் கேட்பதாகும். அவர் சொல்லும் தோட்டம் பல நூறு ஏக்கர் தேயிலை. அதில் ஒரு பிடி மண்கூட அவருடையதல்ல. லயத்துக்குப் பின்னால் நாலு முழ அகலத்தில் போஞ்சியும் கீரையும் போட்டிருக்கிறாரே, அதுவும் அவருடையதல்ல. ஆனால் அவர் மனம் தோட்டம் என்று உணர்ந்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மண்ணின் பழைய தோட்டங்களின் கதை வேறு. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படை வீடுகளைக் கொளுத்தியது, வயல்களை அழித்தது, வீட்டுத் தோட்டங்களின் பயன்தரு மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. பின்பு 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலங்களை அரசுக்கு உரியதாக்கியது. அக்காலத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்குத் துரைமார் வாங்கினார்கள். கோப்பி வந்தது. 1869இல் இலைநோய் தலைகாட்டியதும் கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேத்தன்னையை வாங்கினார். இவையெல்லாம் பலரும் எழுதியவைதான்.

அதிகம் எழுதப்படாத ஒன்று, அதே காலத்தில் இங்கே வந்து சேர்ந்த பூந்தோட்டங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் பாதையில் ஊவாப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் பட்டை அது. சிங்கோனாவின் மவுசு குறைந்தபின் ரோஜாக்களுக்குப் பேர்போன பூங்காவாயிற்று. பதுளை நகரிலேயே 1886இல் தாவரவியல் திணைக்களம் ஒரு கிளைப் பூங்காவைத் திறந்திருந்தது என்பது இன்று பதுளைக்காரர் பலருக்கே புதினமாக இருக்கும். ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷாம் பங்களா இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துக் கிராமமொன்றின் பெயர் அதற்கு. கல்லும் சாளரமும் மட்டுமல்ல, ரோஜாப் பாத்தியும் அந்த நாட்டை நினைத்து அமைந்தவை. தான் பிறந்த ஊரின் வசந்தத்தை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் மண்ணில் ஊன்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்மீது எனக்குக் கோபமில்லை. ஊர் நினைவு எல்லாருக்கும் உண்டு. அந்தப் பாத்திகளைக் கொத்திய பங்களாத் தோட்டக்காரனுக்கும் இருந்தது. அவன் அந்தியில் லயத்துக்குத் திரும்பி, பீலிக்கரையிலிருந்து தண்ணீர் சுமந்து, காம்பராவுக்குப் பின்னால் ஊற்றியது அந்த நினைவினால்தான். அவரைப் பந்தலும் முருங்கைக் கொப்பும் கறிவேப்பிலைக் கன்றும் தமிழ்நாட்டுக் கிராமத்துக் கொல்லைகளிலிருந்து வந்தவை.

இந்தப் பாத்திகள் வெறும் பொழுதுபோக்கல்ல. 1973, 1974இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டு, அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது பல காம்பராக்களில் அடுப்பில் வெந்தது பின்பாத்தி மரவள்ளியும் கீரையும்தான். அதே காலத்தில், இறக்குமதி தடைப்பட்டதனால், வெலிமடையில் சொந்தக் காணி வைத்திருந்தவர்கள் உருளைக்கிழங்கில் நாலு காசு கண்டார்கள். ஒரே மலை, ஒரே மழை. உறுதிப் பத்திரம் ஒன்றுதான் வித்தியாசம்.

எனது வாப்பாவின் கடை பதுளையில் இருந்தது. புடைவையும் பலசரக்கும் விற்போம். மாசி பிறந்தால் முன்பக்கத்தில் விதைப் போத்தல்களை அடுக்கிவிடுவார். சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிறு தோட்டத்துச் சனம் வந்து நிறையும். 'நானா, போஞ்சி வெத நல்லதா?' என்று கேட்டு, உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். சேலை எடுக்கும்போது இல்லாத கலகலப்பு அந்த மூலையில் இருக்கும். கடன் கொப்பி எழுதுவதற்காக நிற்கும் எனக்கு அது விளங்காத ஆச்சரியமாக இருந்தது.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். போனவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களில் பெரும்பாலானோர் பிறந்தது இங்கேதான். தலைமன்னாரில் கப்பலேறும்வரை கடலையே காணாதவர்கள் எத்தனையோ பேர். திரும்புதல் என்ற சொல் இவ்வளவு தலைகீழாக வேறெங்கும் பாவிக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் தமிழ்நாட்டரசு அவர்களுக்காகவே தேயிலை பயிரிட்டது. போன இடத்திலும் தேயிலை, போன இடத்திலும் லயம்.

இருந்தவர்களின் கதையிலும் மண் நிலைக்கவில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களும் அவற்றின் பின்பாத்திகளும் சேர்ந்தே புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாறிப் போகச் சொன்னவர்கள் மாறிப் போக ஓர் இடத்தைக் கொடுக்கவில்லை. பிறகுதான் பூனாகலைப் பக்கத்தில் தனித்தனி வீடுகள் கட்டப்பட்டன. ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு மலையகத்தில் பலமாக அடிபட்டதும் அந்த ஆண்டுகளில்தான். ஏழு பேர்ச்சில் வீடு போக எஞ்சுவது கொஞ்சம். ஆனாலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று நாலு திக்கும் மண் உள்ள வீடு.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். எழுபதுகளின் நடுப்பகுதி. அவருடைய குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. சித்திரை கழிந்ததும் பயணம். மாசிக் கடைசி ஞாயிறு வழமைபோல வந்து போஞ்சி விதை கேட்டார். "காய்க்கிறதுக்குள்ள நீங்க கப்பல் ஏறிருவீங்களே, ஆத்தா?" என்றார் வாப்பா. அவர் விதையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "அதுக்காகப் பாத்திய சும்மா போட முடியுமா நானா? பக்கத்து காம்பராவுல புள்ளைங்க இருக்கில்ல" என்றார். வாப்பா விதையைச் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கொப்பியிலும் எழுதவேண்டாம் என்று எனக்குக் கைகாட்டினார்.