விண்டோஸ் பதிப்புகளை இனங்காணல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளம் ஒவ்வொரு தலைமுறையிலும் பல பதிப்புகளாக வெளிவருகிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஹோம், புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் என்பவை முதன்மையானவை. வெளித்தோற்றத்தில் இவற்றுக்குள் வேறுபாடு தெரியாது. மென்பொருளை அமைக்கும்போதுதான் தெரியும். ஹோம் பதிப்பை அலுவலக டொமைனில் சேர்க்க முடியாது. குரூப் பாலிசி எடிட்டர் அதில் கிடையாது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதிலிருந்து பிற கணினிகளுக்குள் நுழையலாம், பிறர் அதற்குள் நுழைய முடியாது.

பதிப்பு வேறு, வெர்ஷன் எண் வேறு. விஸ்டா 6.0, விண்டோஸ் 7 என்பது 6.1, விண்டோஸ் 8 என்பது 6.2, 8.1 என்பது 6.3. விண்டோஸ் 10 ஒரே தாவலில் 10.0 ஆயிற்று, 2021இல் வந்த விண்டோஸ் 11 அதே 10.0இல் நின்றுவிட்டது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது பில்ட் எண்: 22000 முதல் உள்ளவை விண்டோஸ் 11. ரெஜிஸ்ட்ரியில் உள்ள ‘புராடக்ட்நேம்’ மதிப்பு விண்டோஸ் 11 கணினியிலும் ‘விண்டோஸ் 10’ என்றே சொல்லும் என்பதால் அதை நம்பி நிரல் எழுதுவது வீண். பில்ட் எண்ணும் தனித்து நின்றால் போதாது. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டுக்கும் விண்டோஸ் சர்வர் 2025க்கும் ஒரே எண், 26100. சர்வரா மேசைக் கணினியா என்பதைப் ‘புராடக்ட்டைப்’ என்ற மதிப்பு சொல்கிறது. 1996இல் வெளியான என்டி 4.0இன் வொர்க்ஸ்டேஷனும் சர்வரும் ஒரே கெர்னலைக் கொண்டிருந்தன. அது எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் இதே மதிப்புதான். விலையோ இரண்டுக்கும் பெரிதும் வேறு.

வெர்ஷனைத் தவறாகச் சோதிப்பது பழைய நோய். எக்ஸ்பியின் எண் 5.1. முதல் எண் 5க்கும் இரண்டாம் எண் 1க்கும் குறையக் கூடாது என்று தனித்தனியே சோதித்த நிரல்கள், 6.0 ஆன விஸ்டாவைப் பழையது என்று ஒதுக்கின. இத்தகைய கோளாறுகளைக் கண்ட மைக்ரோசாஃப்ட், 8.1 முதல் ‘கெட்வெர்ஷன்எக்ஸ்’ என்ற ஃபங்ஷனின் நடத்தையை மாற்றியது. புதிய தலைமுறையை அறிந்திருப்பதாகத் தன் மேனிஃபெஸ்ட்டில் அறிவிக்காத நிரலுக்கு அது 6.2 என்றே விடை தரும்.

பதிப்பை அறியப் பயனருக்கு ‘வின்வெர்’ கட்டளையோ செட்டிங்ஸில் உள்ள ‘அபவுட்’ பக்கமோ போதும். நிரலுக்கு ரெஜிஸ்ட்ரியின் ‘எடிஷன்ஐடி’ மதிப்பு உண்டு. அங்கே ஹோம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, ‘கோர்’ என்றிருக்கும். இந்தியக் கடைகளில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புக்குக் ‘கோர்சிங்கிள்லாங்குவேஜ்’ என்று தனி அடையாளம். ‘கோர்’ என்பதை மட்டும் எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட் இங்கே தவறிவிடும். 32 பிட் நிரல் ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும்போது, 64 பிட் தோற்றத்தை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விஸ்டாவில் அறிமுகமான ‘கெட்புராடக்ட்இன்ஃபோ’ ஃபங்ஷன் எண்ணாகவே விடை தருகிறது: புரோவுக்கு 48, ஹோமுக்கு 101, எண்டர்பிரைஸுக்கு 4.

ஆயினும் பதிப்பின் பெயரைக் கேட்பதைவிட, வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்பதே உறுதியான வழி. ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பால் உருவான ‘என்’ பதிப்புகள் மீடியா பிளேயர் இன்றி வருகின்றன. ஆனால் மீடியா ஃபீச்சர் பேக்கைப் பயனர் பின்னர் நிறுவிக்கொள்ளலாம். அப்போது பெயரில் ‘என்’ இருக்கும், காணொளியும் ஓடும். பதிப்பும் நிலையானதல்ல. ஹோம் கணினியில் புரோவுக்கான உரிம எண்ணை இட்டால், விண்டோஸை மீண்டும் நிறுவாமலே பதிப்பு மாறிவிடும். எனவே நிறுவும் நாளில் குறித்துவைத்த பதிப்பை வைத்தே ஓடாமல், அமைப்புகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிரல் அதைப் புதிதாகக் கேட்டறிய வேண்டும்.