கெடுத்தவர் காசு கட்டட்டும்

எண்ணூரில் எண்ணெய் மிதக்கும்போதெல்லாம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற குரல் எழும். சமீபத்திய முழக்கம் என்றே தோன்றும். ஆனால் பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலிலேயே, அடுத்தவர் தண்ணீரைக் கெடுத்தவன் நஷ்டஈடும் தந்து ஊற்றையும் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

அதன்பின் யோசனை நெடுங்காலம் தூங்கியது. 1967இல் 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் மோதியது. கொடி லைபீரியாவுடையது, உரிமையாளரோ பெர்முடா நிறுவனம். யார்மீது வழக்குப் போடுவது? அதே உரிமையாளரின் இன்னொரு கப்பல் சிங்கப்பூரில் சிக்கியது. ஏறி வந்த இளம் வக்கீலை விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்து உள்ளே விட்டார்களாம். அவர் நோட்டீஸைக் கொடிமரத்தில் ஒட்டிவிட்டு வந்துவிட்டார். இந்தக் குழப்பத்துக்குப் பின், எண்ணெய்க் கசிவுக்குக் கப்பல் உரிமையாளரே பொறுப்பு என்ற சர்வதேச ஒப்பந்தம் 1969இல் வந்தது.

1972இல் பணக்கார நாடுகளின் மன்றமான ஓ.இ.சி.டி. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பதை விதியாக்கியது. மீனவர்மீது பரிவு கொண்டு அல்ல. ஒரு நாடு தன் ஆலைகளின் சுத்திகரிப்புச் செலவை அரசுப் பணத்தில் தாங்கினால் சரக்கு மலிந்து போட்டி கெடும் என்ற வியாபாரக் கவலைதான். 1992 ரியோ மாநாடு அதை எடுத்துக்கொண்டது. 1996இல் பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வியாபாரிகளின் விதி, கிணறு கெட்டவர்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

2017 ஜனவரியில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய்க் கசடை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையைக் கைகாட்டியது. தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது; 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, படகு ஒன்றைச் சரிசெய்ய 10,000 ஆகியவை அதில் அடக்கம்.

சி.பி.சி.எல்.லில் பெரும்பங்கு பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயிலிடம். விரல் நீண்டது அரசின் ஆலையை நோக்கி. மேற்பார்வை அரசு வாரியத்துடையது. நிவாரணம் அறிவித்ததும் அரசு. ஒன்று மத்திய அரசு, மற்றது மாநில அரசு என்பார்கள். ஃபைபர் படகில் ஒட்டிய கசடைச் சுரண்டுகிறவருக்கு அந்த வித்தியாசத்தை யார் போய் விளக்குவது?